வீட்டைச் சுமந்துகொண்டு வடக்கே

வீட்டை விட்டு வெளியூர் போவது மனிதர் வழக்கம். வீட்டையும் சுமந்துகொண்டு வெளியூர் போவது நத்தையின் வழக்கம். வட அமெரிக்காவிலே லட்சக்கணக்கான ஜனங்கள் இந்த நத்தையின் வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள் என்று முதன் முதலில் கேள்விப்பட்டபோது நாம் சிரித்தோம். பிறகு, சில ஆண்டுகளுக்கு முன், நாமே அப்படி ஒரு நத்தை ஓட்டுக்குள் மூன்று வார காலம் குடியிருந்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இந்தச் சஞ்சார வீடுகளை அங்கே "ஆர்.வி." என்று இரண்டே எழுத்தில் சொல்லுகிறார்கள். பஸ்ஸைப் போல் பெரியதும் உண்டு. மோட்டாருக்குப் பின்னால் கட்டி இழுப்பதும் உண்டு. சரக்கு ஏற்றும் டிரக்கின் முதுகில் பெட்டிபோலத் தூக்கி வைப்பதும் உண்டு. நாம் குடியிருந்தது மூன்றாவது ரகம். அந்தப் பெட்டிக்குள்ளே படுக்கை, அடுப்பு, ஐஸ்பெட்டி, பாத்திரம் அலம்பும் தொட்டி, ஒடுங்கிய கழிப்பறை எல்லாம் இருந்தன. நாங்களோ மூன்று பேர். ஒருவர் எழுந்து நின்றால் மற்ற இருவர் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

டிரக்கும் பெட்டியும் நம் தம்பி மகனுடையவை. அவன் கானடா தேசத்தில் எட்மண்டன் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். சிறுவனாயிருந்தபோது நம்மிடமே பூகோளம் படித்தவன். "பெரியப்பா, ஆர்க்டிக் வட்டத்தைக் கரும்பலகையிலே போட்டுக் காட்டினீர்களே தவிர, நீங்களே பார்த்ததில்லையே! வாருங்கள், நான் காட்டுகிறேன்" என்று எழுதினான். குருவுக்குச் சிஷ்யன் பாடம் சொல்ல முன்வந்தால் மறுப்பது நியாயமா? விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நம் சகதர்மிணியுடன் ஆகஸ்டு மாத நடுவில் போய்ச் சேர்ந்தோம்.

புறப்படும்போதே ஒரு சிறு தகராறு. நம் சகதர்மிணி பத்துக் கிலோ அரிசி, பருப்பு, ஒரு பெரிய ஜாடி எலுமிச்சங்காய் ஊறுகாய், இவற்றோடு 20 லிட்டர் பிடிக்கும் ஜலக் கேன் இரண்டையும் ஏற்றிவைத்தாள். "பெரியம்மா, பெட்டியிலேயே ஜலத்தொட்டி இருக்கிறது. எடை ஏறினால் டீஸல் செலவு ஏறும்" என்றான் பையன். "டீஸல் வழியிலே கிடைக்கும், ஊறுகாய் கிடைக்குமா?" என்று அவள் கேட்டாள். அதற்கு என்ஜினீயரிங் கலாசாலையில் அவனுக்கு விடை கற்றுக் கொடுக்கவில்லை. கேன்கள் வண்டியிலேயே இருந்தன.

ராணுவம் போட்ட ராஜபாட்டை

வடக்கே போகும் பெரும்பாதைக்கு அலாஸ்கா நெடுஞ்சாலை என்று பெயர். அது டாஸன் கிரீக் என்னும் ஊரில் தொடங்குகிறது. 1941 டிஸம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும், அலாஸ்காவுக்குத் தரைவழி இல்லையே என்று அமெரிக்க அரசாங்கம் திடுக்கிட்டது. 1942 மார்ச்சில் வேலை தொடங்கி, அவ்வருஷம் அக்டோபருக்குள் ஏறக்குறைய 2,700 கிலோ மீட்டர் நீளத்துக்குக் காட்டை வெட்டி வழி போட்டுவிட்டார்கள். பதினாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் உழைத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நீக்ரோவர் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு இனத்தவர். அவர்களைத் தனிப் படைகளாகப் பிரித்தே வைத்திருந்தார்கள். ஆனால் அக்டோபர் மாதத்தில் வடக்கிலிருந்து வந்த புல்டோஸரும் தெற்கிலிருந்து வந்த புல்டோஸரும் காட்டின் நடுவே சந்தித்தபோது, ஒன்றை ஓட்டியவர் கறுப்பர், மற்றொன்றை ஓட்டியவர் வெள்ளையர். அமெரிக்கப் படையில் நிறப்பிரிவினையை ஒழிக்க உத்தரவு பிறந்தது 1948-ஆம் ஆண்டில். இந்தச் சாலை பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

அன்று சேறும் சகதியுமாயிருந்த வழி இன்று தார் போட்ட ராஜபாட்டை. வழியிலே வாட்ஸன் ஏரி என்னும் ஊரில் ஒரு விசித்திரக் காட்சி. 1942-இல் அங்கே வேலை செய்த சிப்பாய் ஒருவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. தன் சொந்த ஊரின் பெயரையும் தூரத்தையும் பலகையில் எழுதி ஒரு கம்பத்தில் மாட்டினான். பின்னால் வந்தவர்களும் தத்தம் ஊர்ப் பெயரை எழுதி மாட்டினார்கள். இப்போது அங்கே பல்லாயிரம் பலகைகள் ஒரு காடாக நிற்கின்றன. வீட்டைக் கையோடு கொண்டுவந்தவர்களுக்கும் வீட்டு நினைவு விடுவதில்லை போலும்!

செம்புக் கணக்கு

முகாமிடுவதற்கு இரண்டு வகை இடங்கள் உண்டு. மின்சாரக் கம்பியும் ஜலக் குழாயும் கொண்டுவந்து வண்டியில் சொருகிக்கொள்ளும் இடம் ஒன்று. கம்பியும் குழாயும் இல்லாமல் ஆற்றங்கரையிலோ காட்டோரத்திலோ தங்குவது மற்றொன்று. இரண்டாவதிலேதான் அழகு இருக்கிறது. கஷ்டமும் அதிலேதான் இருக்கிறது.

முதல் நாள் அப்படித் தங்கியபோது பெட்டிக்குள் எல்லா விளக்குகளையும் ஏற்றினோம். டெலிபோன்களுக்கு மின்சாரம் ஏற்றினோம். குளிருக்காகப் புரோபேன் வாயுவில் எரியும் கணப்பை இரவு முழுதும் ஓடவிட்டோம். விடியற்காலம் நான்கு மணிக்குக் கணப்பு நின்றுவிட்டது. வாயு இருந்தது, ஆனால் சூட்டைத் தள்ளும் விசிறி பாட்டரியில் ஓடுவது. பாட்டரி தீர்ந்துவிட்டது. வாயு நிறைய இருந்தும் நாங்கள் மூவரும் பல்லைக் கிட்டித்துக்கொண்டு சூரியோதயத்துக்குக் காத்திருந்தோம்.

அன்று முதல் கணக்குப் பார்க்கத் தொடங்கினோம். ஈயப் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே எழுதியிருக்கும் அளவில் பாதிதான் நமது சொத்து. கூரைமேல் உள்ள சூரியத் தகடு மல்லாந்து படுத்திருக்கிறது. வடநாட்டுச் சூரியனோ தலைக்கு மேல் ஏறாமல் பக்கவாட்டிலேயே சுற்றி வருகிறான். ஆகையால் பகல் நீண்டதாயிருந்தும் வரும்படி குறைவு. தகட்டைச் சூரியனை நோக்கிச் சாய்த்து வைத்தால்தான் கட்டுப்படியாகும். பாத்திரம் அலம்பிய ஜலமும் ஒரு தொட்டியில்தான் சேருகிறது. அதைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. அதற்கென்று ஏற்பட்ட இடம் வரும்வரை சுமந்து செல்லவேண்டும். ஆகவே ஒரு செம்பு ஜலத்தைச் செலவழிக்குமுன், அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்திருக்கவேண்டும். ஊரிலே குழாயைத் திருகிவிடும்போது இந்தக் கேள்விகளில் ஒன்றாவது நம் மனத்தில் எழுந்ததுண்டா? வறண்ட ஊரில் பிறந்து, குடம் சுமந்து வளர்ந்தவளாதலால், நம் சகதர்மிணிக்கு மட்டும் இந்தக் கணக்கு புதிதாயிருக்கவில்லை.

பனிமேல் மிதக்கும் சாலை

டாஸன் நகரத்துக்குச் சுமார் 40 கிலோ மீட்டர் கிழக்கே டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை பிரிகிறது. (இந்த டாஸன் வேறு, முன் சொன்ன டாஸன் கிரீக் வேறு. இரண்டும் ஒரே பூகர்ப்ப சாஸ்திரியின் பெயரைக் கொண்டவை. ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் இடைவெளி!) 1979-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்தச் சாலை ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து இனுவிக் என்னும் ஊர் வரையில் 736 கிலோ மீட்டர் போகிறது. தார் அநேகமாய்க் கிடையாது, ஏறக்குறைய முழுதும் சரளைக் கல். முதல் 369 கிலோ மீட்டருக்குப் பெட்ரோல் கடையும் கிடையாது. டெலிபோனுக்குப் பெரும்பகுதியில் பேச்சே கிடையாது.

தார் போடாமைக்குக் காரணம் உண்டு. அந்தப் பூமியின் அடியிலே ஆண்டு முழுதும் உருகாத உறைநிலம் இருக்கிறது. மேலே உள்ள பாசியும் புல்லும்தான் அதற்குப் போர்வை. போர்வையைச் சுரண்டிவிட்டால் உள்ளிருக்கும் பனி உருகி, நிலம் களியாகி, சாலை அமிழ்ந்துவிடும். 1942-இல் அலாஸ்கா சாலையில் இப்படிச் சுரண்டிவிட்டுத்தான் ராணுவத்தார் சேற்றில் தத்தளித்தார்கள். டெம்ப்ஸ்டர் சாலையில் அந்தத் தப்பைச் செய்யவில்லை. போர்வையைத் தொடாமல், அதன்மேல் ஓர் ஆள் உயரத்துக்குச் சரளையைக் கொட்டி மேடாக்கிச் சாலை அமைத்தார்கள்.

நாங்கள் போனபோது அந்த வெளி முழுதும் செந்நிறமாயிருந்தது. மரங்கள் சிறுத்துச் சிறுத்து முழங்கால் உயரத்துச் செடிகளாகிவிட்டன. அந்தச் செடிகளின் இலைகள் குளிர்காலத்துக்கு முன் சிவப்பதனால் மலைச்சரிவுகள் குங்குமம் கொட்டியதுபோல் காட்சியளித்தன. கரிபூ என்னும் கலைமான்கள் மந்தை மந்தையாகப் பருவந்தோறும் இந்த நாட்டைக் கடந்து செல்லுகின்றன. 2017-இல் எடுத்த கணக்கில் ஒரு மந்தையில் மாத்திரம் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தனவாம். அந்த மானை நம்பி வாழ்ந்துவருபவர்கள் குவிச்சின் என்னும் பழங்குடி மக்கள்.

முதல் நாள் பாடம்

71-ஆம் கிலோ மீட்டரில் டூம்ஸ்டோன் மலைகளின் அடியில் முகாமிட்டோம். சர்க்கார் வைத்திருந்த விறகை எடுத்துத் தீ மூட்டி உட்கார்ந்தோம். நமக்கோ வாத்தியார் சுபாவம். சாலைக்கு டெம்ப்ஸ்டர் என்ற பெயர் வந்த கதையைச் சொன்னோம்.

அக்காலத்தில் போலீஸார் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாய் பூட்டிய சறுக்கு வண்டிகளில் டாஸனுக்கும் போர்ட் மக்பெர்ஸன் என்னும் ஊருக்கும் இடையே தபால் கொண்டு போவதுண்டு. 1910 டிஸம்பர் 21-ஆம் தேதி இன்ஸ்பெக்டர் பிட்ஸ்ஜெரால்டும் வேறு மூவரும் மக்பெர்ஸனிலிருந்து டாஸனுக்குப் புறப்பட்டார்கள். வேகமாய்ப் போகவேண்டுமென்று பாரத்தைக் குறைத்தார்கள். அதாவது ஆகாரத்தைக் குறைத்தார்கள். வழியில் அகப்பட்ட குவிச்சின் வழிகாட்டி ஒருவரைச் சில நாள் வைத்துக்கொண்டு, பிறகு வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். அவர்களுடன் வந்த வழிகாட்டியோ அந்தப் பாதையில் ஒரே ஒரு தடவை, அதுவும் எதிர்த் திசையிலிருந்து வந்தவர். திரும்பவேண்டிய ஓடையைப் பல நாள் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜனவரி 18-ஆம் தேதி வாக்கில் வந்த வழியே திரும்பினார்கள். நாய்களை ஒவ்வொன்றாய்க் கொன்று தின்றார்கள். கடைசியில் மக்பெர்ஸன் போய்ச் சேருமுன்பே நால்வரும் மாண்டார்கள். அவர்களைத் தேடி டாஸனிலிருந்து புறப்பட்டவர்தான் டெம்ப்ஸ்டர். அவர் சார்லி ஸ்டூவர்ட் என்ற குவிச்சின் வழிகாட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். 1911 மார்ச்சில் நான்கு சடலங்களையும் கண்டுபிடித்தார்.

"இதிலிருந்து நாம் அறிவது என்ன?" என்று வழக்கம்போல் கேட்டோம். "பாரத்தைக் குறைக்கக் கூடாது, உள்ளூரார் பேச்சைத் தட்டக் கூடாது" என்றான் சிஷ்யன். முழு மதிப்பெண் கொடுத்தோம்.

மறுநாள் பரீக்ஷை

மறுநாள் பிற்பகலில், ஈகிள் பிளெயின்ஸ் என்னும் தங்குமிடம் வருவதற்குச் சற்று முன், ஒரு டயர் கிழிந்தது. அந்தச் சாலையின் சரளையில் கத்திபோன்ற கற்கள் உண்டு. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். கிழிந்த டயர் ஒட்டுப்போடும் நிலையில் இல்லை. நம்மிடம் இருந்தது ஒரே ஸ்டெப்னி. அந்தச் சாலையில் இரண்டு வேண்டுமென்று எல்லோரும் சொல்லுகிறார்கள்; எடை என்று பையன் ஒன்றை விட்டுவிட்டான்.

டீஸல் போடுமிடத்தில் ஒரு முதிய குவிச்சின் தம்பதி நின்றிருந்தார்கள். பெரியவர் நம் டயரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மழை வருகிறது. நாளைக்குப் போகலாம். டாஸனிலிருந்து வருகிறவர் யாரிடமாவது டயருக்குச் சொல்லி அனுப்பலாம்" என்றார்.

பையன் நன்றி சொன்னான். பிறகு நம்மிடம், "பெரியப்பா, இன்னும் 180 கிலோ மீட்டர்தான். எனக்கோ விடுமுறை முடியப் போகிறது. இந்தக் காலத்தில் ஆகாயத்திலுள்ள கோளே வழி சொல்லுகிறது" என்றான்.

நேயர்களே, அப்போது நாம் என்ன செய்திருக்கவேண்டும்? முந்தின இரவு நடத்திய பாடத்தை நினைவூட்டியிருக்கவேண்டும். நாம் பேசாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். ஆர்க்டிக் வட்டத்தை அன்றைக்கே பார்த்துவிட வேண்டுமென்ற ஆசை நமக்கும் இருந்தது. நம் சகதர்மிணி மாத்திரம், "அந்தப் பெரியவர் சும்மா சொல்வாரா?" என்றாள். அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

405-ஆம் கிலோ மீட்டரில் வட்டத்தைக் கடந்தோம். அங்கே ஒரு பலகை இருக்கிறது, படம் எடுத்துக்கொண்டோம். அரை மணிக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. சாலை சோப்புத் தடவியதுபோல் வழுக்கியது. இன்னும் சற்று தூரத்தில் இரண்டாவது டயரும் காற்றை விட்டது.

உயிருக்கே ஆபத்து வந்ததென்று சொல்லி நேயர்களைப் பயமுறுத்த நாம் விரும்பவில்லை. ஆகஸ்டு மாதம், உஷ்ணமானி சுழியத்துக்குச் சற்று மேலே நின்றது. ஜனவரியாயிருந்தால் கதை வேறு. குளிர் சுழியத்துக்குக் கீழ் 42 டிகிரிக்குப் போய்விட்டால் புரோபேன் சிலிண்டரிலிருந்து வாயுவாக எழும்பவே எழும்பாது. தீர்ந்துபோன ஈயப் பாட்டரி உறைந்து வெடிக்கும். ஆனாலும் அந்த இரவு நமக்குப் போதுமானதாயிருந்தது. மழையில் ஒரு வண்டியும் வரவில்லை. வழிகாட்டும் கருவி நாம் எங்கே நிற்கிறோம் என்பதை மிகத் துல்லியமாகச் சொல்லிற்று. அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெட்டியின் தொட்டியில் ஜலம் அநேகமாய்த் தீர்ந்திருந்தது. கேன்களைத் திறந்தோம். பையன் ஒரு கேனைத் தூக்கிவந்து பெரியம்மாவின் பக்கத்தில் வைத்தான், எடையைப்பற்றிப் பேசவில்லை.

காலையில் ஒரு பழைய டிரக் வந்து நின்றது. ஈகிள் பிளெயின்ஸில் கண்ட அதே தம்பதிதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. பெரியவர், "சொன்னேனே, கேட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. "இரவு சாப்பிட்டீர்களா?" என்றுதான் கேட்டார். பிறகு டயரின் துவாரத்தில் ரப்பர்த் திரியைச் செருகி, தம் வண்டியிலிருந்த பம்பினால் காற்று ஏற்றினார். நம் சகதர்மிணி அதற்குள் எலுமிச்சங்காய் ஊறுகாயும் சுடச்சுடச் சாதமும் எடுத்துவந்தாள். அந்த அம்மாள் ஊறுகாயை ருசித்து, கண்ணில் ஜலம் வர, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாள். தாங்கள் உலர்த்திய மீனை அவர்கள் கொடுத்தார்கள். நாம் மரக்கறிக்காரர் என்று சொல்ல வாயெடுத்தோம். நம் சகதர்மிணி கண்ணால் தடுத்து இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.

என்ன கொடுக்கவேண்டும் என்று பையன் தயங்கிக் கேட்டான். "வழியில் வண்டி ஏதாவது நின்றுகொண்டிருந்தால் நீங்களும் நில்லுங்கள்" என்றார் பெரியவர்.

நான்கு கல்லறைகள்

அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே போய்ப் படகில் பீல் நதியைக் கடந்தோம். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலேயே பாதை. பனி உறையும்போதும் உடையும்போதும் இரண்டும் இல்லை. அக்கரையில் போர்ட் மக்பெர்ஸன். அங்கே மாதாகோவில் மைதானத்தில் பிட்ஸ்ஜெரால்டும் அவருடைய தோழர் மூவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பையன் நெடுநேரம் அங்கே நின்றான். நாம் பாடம் ஒன்றும் நடத்தவில்லை.

அதற்கு அப்பால் இனுவிக் போனோம். 2017 நவம்பரில் திறந்த புதிய சாலை வழியாக டுக்டோயாக்டுக் வரை போய் ஆர்க்டிக் சமுத்திரத்தில் கால் நனைத்தோம். அங்கே கடல் கரையை அரித்து வருகிறது. உறைநிலம் உருகி இளகுவதால் அலைக்கு அது எளிதாயிருக்கிறது. கரையோரத்து வீடுகளில் சிலவற்றைப் பெயர்த்து உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நாம் உல்லாசத்துக்காக வீட்டைச் சுமந்துகொண்டு வந்தோம். அந்த ஊர் ஜனங்கள் வேறு கதியின்றித் தங்கள் வீடுகளைச் சுமக்கிறார்கள். இதை நினைத்தபோது நம் நத்தை ஓடு சற்றுக் கனத்தது.

சுயதேவையைத் தானே பூர்த்தி செய்துகொள்வது நல்ல தர்மம். ஜலத்தையும் மின்சாரத்தையும் செம்பு செம்பாக எண்ணக் கற்றவன் அதன் முதல் பாடத்தை முடித்தவன். ஆனால் தன் கையே தனக்கு உதவி என்றிருப்பவனுக்கு வடநாட்டில் இடமில்லை. அங்கே மனிதர்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகள் பிழைத்திருப்பது, தன் பாரத்தைத் தானே சுமப்பதாலும், வழியில் நிற்பவனுக்காகத் தானும் நிற்பதாலும்தான். இவற்றில் ஒன்றை விட்டாலும் மற்றது பயன்படாது.

திரும்பி வரும்போது, மோட்டார் சைக்கிளில் சங்கிலி அறுந்து ஒரு வாலிபன் சாலையோரம் நின்றிருந்தான். பையன் யாரையும் கேட்காமல் வண்டியை நிறுத்தினான்.

இப்போதும் அவன் கோடைதோறும் வடக்கே போகிறான். இரண்டு ஸ்டெப்னி வைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறான். எலுமிச்சங்காய் ஊறுகாய் போடுவது எப்படி என்று பெரியம்மாவைக் கேட்டும் எழுதியிருக்கிறான்.